பழைய அமெரிக்க நாணயம் சேர்க்க வருகிறவர்களுக்கு: முதல் காசு வாங்கும் முன்னும் பின்னும்

1793 முதல் 1857 வரை அச்சடித்த பெரிய செப்பு சென்ட், அதே காலத்து அரை சென்ட், 1830கள் வரைக்குமான வெள்ளி டாலர், அரை டாலர், இவற்றுக்கும் முந்திய மாநிலக் காசுகள். இவற்றில் ஒன்றையாவது கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிற, அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இறங்கியபோது எல்லாம் சிதறிக் கிடந்தது. விலைப் புத்தகம் ஒன்று சொல்லும், கடைக்காரர் வேறொன்று சொல்வார், ஏலத்தில் போன விலை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அலைந்து திரிந்து கற்றதை வரிசைப்படுத்தித் தருகிறேன். நீங்கள் அந்த அலைச்சலை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காசுகளில் வருடமும் தேய்மானமும் பாதி விலைதான். மீதிப் பாதி மேற்பரப்பில் இருக்கிறது. ஒரே வருடம், ஒரே தேய்மானம், ஆனால் ஒன்று 300 டாலர், இன்னொன்று 90 டாலர் என்றால், அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வரும்வரை பெரிய தொகை போடாதீர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. முதலில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எதிலும் கண் பழகாது. புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான்.

ஒன்று, 1816 முதல் 1857 வரையான பெரிய சென்ட். நன்றாகத் தேய்ந்த, ஆனால் சேதமில்லாத சாதாரண வருடக் காசு 20 முதல் 45 டாலருக்குள் கிடைத்துவிடும். எளிதில் கிடைக்கும் வருடங்கள் நிறைய இருப்பதால் பத்து, பதினைந்து காசு வாங்கிப் பழகினாலும் பர்ஸ் தாங்கும்.

இரண்டு, 1807 முதல் 1836 வரையான அரை டாலர். தொப்பி அணிந்த லிபர்ட்டி, அதாவது சுதந்திர தேவியின் உருவம் போட்டது. சேகரிப்பவர்கள் சுருக்கமாக ‘பஸ்ட் ஹாஃப்’ என்பார்கள். அந்தக் காலத்து வங்கிகள் இவற்றை மூட்டை மூட்டையாக இருப்பில் வைத்திருந்தன. அதனால் இருநூறு வருடமாகியும் நல்ல நிலையில் நிறைய மிஞ்சியிருக்கின்றன. சாதாரண வருடத்துக் காசு, நடுத்தர நிலையில், 90 முதல் 160 டாலர் வரை. அச்சு வேறுபாடுகள், அதாவது அச்சுக்கட்டைக்கு அச்சுக்கட்டை மாறும் சிறு வித்தியாசங்கள், மட்டும் 450க்கு மேல் இருப்பதால், ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் இந்த வரிசை தீராது.

1793இன் சங்கிலி சென்ட் (பின்பக்கம் சங்கிலி போட்டது), வளைய சென்ட் (பின்பக்கம் இலை வளையம் போட்டது), 1794 அல்லது 1795இன் வெள்ளி டாலர் எல்லாம் எல்லோருக்கும் கனவுதான். மிகத் தேய்ந்த வளைய சென்ட்டே ஆயிரக்கணக்கில் வரும். 1794 டாலரில் 1,758தான் வெளியே வந்தன. அவற்றில் மிகச் சிறந்த ஒன்று 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தப் பக்கம் போக அவசரம் வேண்டாம். ‘ஃபுஜியோ’ என்ற சொல் பொறித்த 1787இன் ஃபுஜியோ சென்ட், 1785 முதல் 1788 வரை கனெக்டிகட், நியூ ஜெர்சி, வெர்மான்ட், மாசச்சூசெட்ஸ் பகுதிகள் வெளியிட்ட செப்புக் காசுகளும் இரண்டாம் கட்டத்துக்குத்தான் சரி. அவற்றில் உலோகத் தகடே மோசமாக இருக்கும். எது தயாரிப்புக் குறை, எது பிற்காலச் சேதம் என்று பிரித்துச் சொல்லப் பழக்கம் வேண்டும்.

2. காசுக்கு முன்னால் வாங்க வேண்டியவை

மொத்தமாக 100 டாலருக்குள் அடங்கும்.

- 7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ். மலிவு பிளாஸ்டிக் வேண்டாம், ஓரத்தில் உருவம் வளையும்.
- 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு.
- விட்டம் அளக்கும் காலிப்பர்.
- கழுத்தை வளைக்கக்கூடிய மேஜை விளக்கு. குழல் விளக்கு வெளிச்சத்தில் காசைப் பார்க்காதீர்கள், கழுவிய தடயத்தை அது மறைத்துவிடும்.
- ‘ரெட் புக்’ என்று எல்லோரும் சொல்லும் வருடாந்திர விலைப் புத்தகம். பழைய பதிப்பு இருந்தாலும் போதும். விலைக்காக அதை நம்ப வேண்டாம். எந்த வருடம் எத்தனை வகை, எடை என்ன, ஓரம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அது.

அச்சு வகைகளை விளக்கும் சிறப்பு நூல்கள் விலை அதிகம். உடனே வாங்காதீர்கள். 1891இல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் சங்கத்தில், அதாவது ஏ.என்.ஏ.வில், உறுப்பினராகிவிட்டால் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள அவர்களுடைய நூலகத்திலிருந்து தபால் செலவு மட்டும் கொடுத்து இரவல் பெறலாம். கோடையில் அங்கேயே தரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பும் நடக்கிறது. முன்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும், வருடத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

செப்புக் காசு என்றால் 1967 முதல் இயங்கும் ‘ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ குழுவிலும், பழைய வெள்ளி என்றால் ‘ஜான் ரைக்’ சேகரிப்பாளர் சங்கத்திலும் சேருங்கள். சந்தா சொற்பம். அங்கே கிடைக்கும் மனிதர்களின் அறிவுக்கு விலை போட முடியாது. சந்தேகமான காசைக் காட்டினால் முப்பது, நாற்பது வருட அனுபவக்காரர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

3. மேற்பரப்பைப் பார்க்கப் பழகுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். சில மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை.

காசை ஓரத்தில் மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். கீழே மெத்தென்ற துணி இருக்கட்டும். விளக்குக்கு நேராக வைத்து மெதுவாகச் சாயுங்கள். யாரும் கை வைக்காத பழைய அரை டாலரில், எழுத்துகளின் இடுக்கிலும் நட்சத்திரங்களைச் சுற்றியும் கருமை தங்கியிருக்கும். கன்னம், தோள், கழுகின் இறக்கை நுனி போன்ற மேடான இடங்கள் மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். கழுவிய காசில் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளை. இன்னும் கொஞ்சம் சாயுங்கள். மயிரிழைக் கோடுகள் கூட்டமாக ஒரே திசையில் ஓடினால் யாரோ துணியாலோ தூரிகையாலோ தேய்த்திருக்கிறார்கள். புழக்கத்தில் விழுந்த கீறல்கள் தனித்தனியாக, பல திசையில் கிடக்கும். இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் மறக்காது.

வெள்ளியில் இன்னொன்றும் உண்டு. 1807க்கு முந்திய டாலர், அரை டாலர்களில் இணையாகச் சில ஆழமான கோடுகள் தெரியலாம். அச்சடிக்கும் முன் தகட்டின் எடை கூடுதலாக இருந்தால் நாணயசாலையிலேயே அரத்தால் ராவிக் குறைத்தார்கள். அதன் அடையாளம் அது. உருவத்தின் மேடான பகுதிக்குள்ளும், விளிம்பைச் சுற்றிப் பல்வரிசை போல இருக்கும் ஓரப் பற்களுக்குள்ளும் அந்தக் கோடு நுழைந்து அச்சில் அமுங்கியிருக்கும். பிற்காலக் கீறலாக இருந்தால் மேடுகளின் மேலாகப் போகும். முன்னதைச் சேதம் என்று ஒதுக்கிவிட்டு நல்ல காசைக் கைவிடுகிறவர்கள் நிறைய. அழகைக் கெடுக்கும் அளவு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான்.

செப்பு இன்னும் கண்டிப்பானது. நல்ல செப்பில் பழுப்பு நிறம் சீராக இருக்கும், கொஞ்சம் பளபளப்பும் இருக்கும், லென்ஸில் பார்த்தால் தளம் இறுக்கமாகத் தெரியும். கவனிக்க வேண்டிய சிக்கல்கள் இவை:

- மண்ணில் கிடந்த காசு. தளம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். விற்பவர் படத்தில் ஒளியைக் கூட்டிக் காட்டினால் இது தெரியாது.
- கழுவிப் பிறகு நிறம் ஏற்றியது. நிறம் ஒட்டவைத்தது போல ஒரே சீராகவும், சற்றுச் சிவப்பு அல்லது ஊதா சாயலோடும் இருக்கும். எழுத்தின் அடிவாரத்திலும் அதே நிறம்.
- வழித்துச் சமப்படுத்தியது. அரிப்பை மறைக்க, உருவமில்லாத வெற்றுத் தளத்தைக் கத்தியால் சுரண்டியிருப்பார்கள். முகத்தின் விளிம்புக்கும் கூந்தல் நுனிக்கும் அருகில் தளம் திடீரென்று இறங்கும்.
- கூந்தல் கோடுகளைப் புதிதாக வெட்டியது. மற்ற இடமெல்லாம் தேய்ந்திருக்க முடி மட்டும் கூர்மையாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.
- ஓட்டை போட்டு அடைத்தது. பதக்கமாக அணிய அந்தக் காலத்தில் துளையிட்டார்கள். அடைத்த இடத்தில் வட்ட விளிம்பும், கையால் திருத்திய எழுத்தும் தெரியும்.

இவை எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. 1790களின் சென்ட் ஒன்று கைக்கெட்டிய விலையில் வேண்டுமென்றால் கொஞ்சம் அரிப்போடுதான் கிடைக்கும். தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்குங்கள்.

பயிற்சிக்கு நாணயக் கண்காட்சியை விடச் சிறந்த இடம் இல்லை. ஜனவரியில் ஃபுளோரிடாவில் ‘ஃபன்’ கண்காட்சி, ஆகஸ்டில் ஏ.என்.ஏ.வின் கண்காட்சி, இவை இரண்டும் பெரியவை. வாங்காமலேயே பார்க்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள், தட்டின் மேலேயே வைத்துப் பாருங்கள், காசுக்கு நேராகப் பேசாதீர்கள், எச்சில் துளி பட்டால் செப்பில் கறை விழும். ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முன் காசுகளைப் பார்வைக்கு வைப்பார்கள். பதிவு செய்துகொண்டு உட்கார்ந்து ஒரே வகைக் காசு பத்தை வரிசையாகப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

4. தர எண்ணில் இரண்டு கணக்கு

காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் குறிப்பார்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய இரண்டும் முக்கியத் தர நிறுவனங்கள். காசைப் பரிசோதித்து, எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். அந்தப் பெட்டிக்கு ‘ஸ்லாப்’ என்று பெயர். சி.ஏ.சி. என்ற நிறுவனம் ஸ்லாப் காசை மறுபடி பார்த்து, எண்ணுக்கு ஏற்ற தரம் என்றால் பச்சை வில்லை ஒட்டும்.

சிக்கல் செப்பில் வருகிறது. செப்புக் குழுவினர் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலில் தேய்மானத்துக்கு ஓர் எண், பிறகு அரிப்பு, அடி, நிறக்கேடு என்று ஒவ்வொன்றுக்கும் கழித்து ஒரு நிகர எண். ஸ்லாப்பில் 30 என்று போட்ட சென்ட்டை அவர்கள் 20 அல்லது 15 என்று சொல்வது சர்வசாதாரணம். விலைப்பட்டியல் எந்தக் கணக்கில் போட்டது என்று பார்க்காமல் ஒன்றின் எண்ணை இன்னொன்றின் விலையோடு சேர்த்தால் இரட்டிப்பு விலை கொடுத்துவிடுவீர்கள். விற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: எந்தக் கணக்கு?

ஸ்லாப்பில் எண்ணுக்குப் பதிலாக ‘டீடெய்ல்ஸ்’ என்று இருந்தால், காசு அசல், ஆனால் கழுவியது அல்லது சேதமானது என்று பொருள். அதை அதே தேய்மானமுள்ள நல்ல காசின் விலைக்கு வாங்கக் கூடாது.

அபூர்வத்துக்கும் ஒரு அளவு உண்டு. ஆர்-1 என்றால் 1,250க்கு மேல் இருக்கின்றன. ஆர்-5 என்றால் 31 முதல் 75. ஆர்-8 என்றால் மூன்றுக்குள். அச்சு வகை ஆர்-5 என்பதற்காகவே விலை ஏறிவிடாது. அந்த வகையைத் தேடும் ஆட்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள்.

5. போலியைக் கழித்துக்கட்டுங்கள்

எடையும் ஓரமும் முதல் இரண்டு கேள்விகள். இவற்றை எழுதி தராசுப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்:

- பெரிய சென்ட், 1793 முதல் 1795 வரை: 13.48 கிராம்
- பெரிய சென்ட், 1795 கடைசி முதல் 1857 வரை: 10.89 கிராம்
- அரை சென்ட், எடை குறைத்த பிறகு: 5.44 கிராம்
- அரை டாலர், 1836 வரை, ஓரத்தில் எழுத்து உள்ளது: 13.48 கிராம்
- டாலர், 1794 முதல் 1803 வரை: 26.96 கிராம்

தேய்ந்த காசு இதைவிடக் கொஞ்சம் குறையும். கூடினால் சந்தேகப்படுங்கள். 1794 சென்ட்டின் ஓரத்தில் ‘ஒன் ஹண்ட்ரட் ஃபார் எ டாலர்’ என்ற எழுத்து இருக்க வேண்டும். 1807 முதல் வந்த அரை டாலரின் ஓரத்தில் ‘ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்’ என்று இருக்கும். அந்தக் காலத்து டாலரில் ஓரம் இன்றைய காசு போல வரிவரியாக இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம். ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு வந்தால், இரண்டு தகட்டை ஒட்டிய நகல் அல்லது வார்ப்பு. காந்தம் ஒட்டினால் செம்பும் இல்லை, வெள்ளியும் இல்லை.

வருடத்தை மாற்றியவையும் உண்டு. 1799 சென்ட் இந்த வரிசையின் மிக அரிய வருடம். அதனால் 1798இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவார்கள். உண்மையான 1799இல் இரண்டே அச்சு வகைகள்தான். படத்தோடு ஒப்பிட்டுவிட்டால் முடிந்தது. 1804 சென்ட் ஒரே அச்சு ஜோடியில் வந்தது. அதில் முன்பக்கம் வருடத்தில் உள்ள பூஜ்யம், பின்பக்கம் ‘ஆஃப்’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு நேர் எதிரே வரும். 1815 என்று வருடம் போட்ட சென்ட் என்பதே கிடையாது, யார் காட்டினாலும் மாற்றியது. 1804 வருட வெள்ளி டாலர் உலகத்தில் சுமார் பதினைந்துதான் தெரிந்தவை, ஒவ்வொன்றும் எங்கே இருந்து எங்கே போனது என்று பதிவு இருக்கிறது. சந்தையில் ஒன்று தட்டுப்பட்டால் நகல்தான்.

இணையத்தில் மலிவாக வரும் 1795 முதல் 1803 வரையான டாலர்களில் மிகவும் கவனம். சமீப காலப் போலிகள் நல்ல அச்சில் அடித்து வருகின்றன. இவற்றைப் பிடிக்க ஒரு வழி: ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், ஒரே அடி பட்ட இரண்டு ‘வேறு வேறு’ காசுகள் கண்ணில் பட்டால் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. புழக்கத்தில் பட்ட அடி இரண்டு காசில் ஒரே மாதிரி விழாது. வாங்கும் முன் அதே வருடத்துக் காசுகளின் விற்பனைப் படங்களைத் தேடி ஒப்பிடுங்கள்.

ஸ்லாப்பையும் போலியாகச் செய்கிறார்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டின் தளத்திலும் ஸ்லாப் எண்ணை இலவசமாகச் சரிபார்க்கலாம். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, அசல் ஸ்லாப்பின் எண்ணையே நகலெடுத்துப் போடுவார்கள். தளத்தில் உள்ள படத்தில் இருக்கும் கறையும் கீறலும் உங்கள் கையில் உள்ள காசில் இருக்கிறதா என்று பாருங்கள்.

1973இல் வந்த சட்டத்தின்படி நகல் நாணயத்தில் ‘காப்பி’ என்ற முத்திரை கட்டாயம். அது இல்லாமல் உங்களுக்கு நகல் வந்து சேர்ந்தால் பணத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

6. எங்கே வாங்குவது, மொத்தம் எவ்வளவு ஆகும்

முதல் சில காசுகளை, திருப்பி எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடம் வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பலாம், காரணம் சொல்ல வேண்டுமா, ஸ்லாப்பை உடைத்தால் உரிமை போய்விடுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு இணைய விற்பனையாளரிடம் வாய்ப்பேச்சை நம்பி நான் பட்ட பாடு போதும். பணம் திரும்பி வந்ததே கடன் அட்டையில் செலுத்தியிருந்ததால்தான். காசோலைக்குத் தள்ளுபடி தருவார்கள். நன்கு தெரிந்த வியாபாரி என்றால் மட்டும் அந்த வழி.

ஏலத்தில் கவனிக்க வேண்டியது கூடுதல் கட்டணம். பெரிய நிறுவனங்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ வரும். கணக்கைப் பாருங்கள்: நீங்கள் 500 டாலருக்குக் கேட்டு ஏலம் முடிகிறது. கட்டணம் 100. உங்கள் மாநிலத்தில் 8 சதவீத விற்பனை வரி என்றால் 600க்கு 48. தபால் 20. மொத்தம் 668 டாலர். ஆகவே கையில் 668 இருந்தால் 500க்கு மேல் கை தூக்கக் கூடாது. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் நாணயத்துக்கு விலக்கு, சிலவற்றில் குறிப்பிட்ட தொகைக்கு மேல்தான் விலக்கு. முன்பே பார்த்துவிடுங்கள்.

விலை தெரிய ஏல நிறுவனங்களின் பழைய பதிவுகளைத் தேடுங்கள். ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் இரண்டிலும் பல வருட விற்பனை, பெரிய படத்தோடு கிடைக்கிறது. அங்கே காட்டும் விலை கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தது என்பதை மறக்காதீர்கள். வியாபாரிகள் தங்களுக்குள் பார்க்கும் ‘கிரேஷீட்’ மொத்த விலைப்பட்டியல். பேரம் பேச அது உதவும். ஆனால் நல்ல மேற்பரப்புள்ள பழைய செப்பு அந்த விலைக்கு ஒருநாளும் வராது.

7. காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்

காசு வந்த அன்றே செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு காசுக்கும் ஒரு கோப்பு: விலைச்சீட்டு, பணம் கட்டிய ரசீது, ஏல எண், ஸ்லாப் எண், இருபக்கப் படம், எடை. விலைச்சீட்டில் ‘பழைய நாணயம் ஒன்று’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். வருடம், வகை, தரம், விலை நான்கும் இருக்க வேண்டும். விற்கும்போது வாங்கிய விலையை நிரூபிக்க இதுதான் ஆதாரம்.

பழைய செப்புக் காசோடு சிறிய காகித உறையோ கையால் எழுதிய துண்டுச் சீட்டோ வரும். தூக்கிப் போடாதீர்கள். இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் உண்டு. ஸ்லாப்புக்கு அனுப்பும்போதும் சீட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வியாபாரி வரித்துறைக்கு 8300 என்ற படிவம் அனுப்ப வேண்டும். அதைத் தவிர்க்கத் தொகையைப் பிரித்துக் கொடுப்பது குற்றம். யாராவது அப்படி யோசனை சொன்னால் அந்த மேஜையை விட்டு எழுந்துவிடுங்கள்.

8. தரம் போட எப்போது அனுப்புவது

சில நூறு டாலருக்குக் கீழான காசை அனுப்பாதீர்கள். உறுப்பினர் கட்டணம், காசுக்கான கட்டணம், கையாளும் கட்டணம், இருவழித் தபால், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் 40 டாலர் சென்ட்டுக்கு அதன் விலையைவிட அதிகம் ஆகும். காசின் மதிப்பு கூடக் கூடக் கட்டண அடுக்கும் கூடும். திரும்பி வர வாரக்கணக்கில், நெரிசல் காலத்தில் மாதக்கணக்கில் ஆகும். கண்காட்சியில் விற்க நினைத்தால் மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். கழுவிய காசு என்று தெரிந்தே அனுப்பினால் கட்டணம் போகும், ‘டீடெய்ல்ஸ்’ என்று திரும்பி வரும்.

9. வீட்டில் வைப்பது

கழுவாதீர்கள். செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிய கை நமக்கு, மங்கிய சென்ட்டைப் பார்த்தால் பரபரக்கத்தான் செய்யும். ஒரே துலக்கலில் 200 டாலர் காசு 40 டாலருக்கு இறங்கிவிடும், திரும்ப ஏற வழியே கிடையாது.

மென்மையான, வளையக்கூடிய பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் வைக்காதீர்கள். நாளடைவில் பச்சையாக ஒரு பிசுக்கு படியும். வெள்ளியில் அது படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், தேய்க்காமல் ஊறவைத்து எடுக்கலாம். நெருப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருக்கும், அது உதவாது. செப்பு என்றால் நீங்களாக எதுவும் செய்யும் முன் செப்புக் குழுவில் ஒருவரைக் கேளுங்கள். செப்பைப் பருத்தி உள்ளுறையோடு சிறிய காகித உறையில் வைப்பது அவர்கள் வழக்கம். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரமான அடித்தளத்து அறை செப்புக்கு எதிரி.

10. காப்பீடும் தபாலும்

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வழக்கமான பாலிசிகளில் நாணயத்துக்கு இழப்பீட்டு வரம்பு 200 டாலர் அளவில்தான். வங்கிப் பெட்டகத்தில் வைத்தாலும் அதற்குள் இருக்கும் பொருளுக்கு அரசின் வைப்புக் காப்பீடு கிடையாது. சேகரிப்பு சில ஆயிரத்தைத் தாண்டியதும் சேகரிப்பாளர்களுக்கான தனிப் பாலிசி எடுங்கள். அப்போது ஏழாம் படியில் சொன்ன கோப்பைத்தான் கேட்பார்கள்.

மதிப்புள்ள காசை அனுப்ப அமெரிக்கத் தபால்துறையின் பதிவுத் தபால்தான் நம்பகமானது. 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து என்பதால் மெதுவாகப் போகும், ஒன்றிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எல்லா மூட்டிலும் காகித நாடாதான் ஒட்ட வேண்டும். அதன் மேல் தபால் முத்திரை குத்துவார்கள், பிளாஸ்டிக் நாடாவில் மை நிற்காது என்று கவுன்டரில் திருப்பிவிடுவார்கள். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வெளியே ‘நாணயம்’ என்று எங்கேயும் எழுதாதீர்கள்.

11. இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைத்தால்

அங்கேயே நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு என் யோசனை, வேண்டாம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறையில் நூறு ஆண்டு தாண்டிய நாணயமும் வருகிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உறவினர்களுக்குக் காட்டக் கொண்டுபோன காசைத் திரும்ப எடுத்துவரும்போது விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். கட்டாயம் கொண்டுபோக வேண்டியிருந்தால் போகும்போதே சுங்கத்தில் அறிவித்து, படத்தோடு எழுத்தில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

12. விற்கும் நாள் வந்தால்

ஏலத்துக்குக் கொடுக்க, ஏலத் தேதிக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே காசு அவர்கள் கையில் இருக்க வேண்டும். பணம் வர ஏலம் முடிந்து சுமார் ஒன்றரை மாதம். ஆக நான்கு மாதம் என்று திட்டமிடுங்கள். அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் வியாபாரியிடம் போகலாம், ஆனால் மொத்த விலைக்கும் கீழேதான் கேட்பார். மூன்று பேரிடமாவது காட்டுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால், சேகரிப்புப் பொருளுக்கான அமெரிக்க மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குக்கான சலுகை விகிதம் இதற்குக் கிடையாது. வாங்கிய விலை, ஏலக் கட்டணம், தரம் போட்ட செலவு இவற்றுக்கான ரசீதுகளைக் கணக்காளரிடம் கொடுங்கள்.

கோப்பின் முதல் பக்கத்தில், உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டில் உள்ளவர்கள் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் காசு எவ்வளவு பெறும் என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த விலைகளைத் திருத்துங்கள்.